காகிதப் பொறியும் கண்காட்சிப் பரிசும்

ஆண்டுதோறும் நம் பள்ளியில் கைவினைக் கண்காட்சி நடைபெறுகிறது. மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்து, தோரணம் கட்டி, பெற்றோரை வாயிலில் நின்று வரவேற்று, மாலையில் பரிசும் வழங்குகிறோம். அந்தக் கண்காட்சியைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். யாரையும் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. குறை எங்களிடமே இருந்தது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு கருத்துக்கு வருவதே முறை அல்லவா?

எட்டாம் வகுப்பில் நாங்கள் நால்வரும் சேர்ந்து ஒரு காற்றாலை மாதிரியைக் கண்காட்சியில் வைத்தோம். தெர்மாகோல் மலை, பச்சைத் தூள் தூவிய புல்வெளி, நடுவே சுழலும் காற்றாலை, அடியில் பாட்டரியும் மோட்டாரும். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். முதற்பரிசும் கிடைத்தது. ஆனால் அதில் நாங்கள் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அடிப்பலகையில் எங்கள் பெயர்களை எழுதி ஒட்டினோம். மற்றவை அனைத்தும் கடையில் பணம் கொடுத்து வாங்கியவை.

அன்று பிற்பகல் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எங்கள் மேசை முன் வெகுநேரம் நின்றாள். பிறகு, "அக்கா, இது உள்ளே எப்படிச் சுத்துது?" என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியவில்லை. பெட்டியின் அடிப்பாகம் மூடி ஒட்டப்பட்டிருந்தது. திறந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றியதேயில்லை. "தொடாதே, உடைஞ்சிடும்" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டோம். பரிசுச் சான்றிதழைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டினோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிறுமியின் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

மறு ஆண்டு எங்கள் கைத்தொழில் ஆசிரியை ஒரு சிறிய காகிதப் பெட்டியை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பெட்டியின் மேல் ஒரு காகித மீன் இருந்தது. பக்கவாட்டில் ஒரு வளைந்த கைப்பிடி. அதைச் சுழற்றியதும் மீன் நீந்துவதுபோல் ஏறி இறங்கியது. மோட்டார் இல்லை, பாட்டரி இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. எல்லாம் காகிதமும் பசையுமே. பெட்டியின் இரு பக்கங்களும் திறந்திருந்ததால் உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆசிரியை விளக்கம் சொல்லாமல் பெட்டியை வரிசையாகக் கைமாற்றி அனுப்பினார். பெட்டி கடைசி பெஞ்சை அடைவதற்குள் பாதி வகுப்புக்கு அதன் சூட்சுமம் விளங்கிவிட்டது.

அந்தச் சூட்சுமம் மிக எளிது. கைப்பிடி வட்டமாகச் சுற்றுகிறது. அந்தச் சுற்றை மேலும் கீழுமாகவோ, முன்னும் பின்னுமாகவோ மாற்றவேண்டும். ஒரு வட்டத் தட்டில் நடுவே துளையிடாமல் 5 மில்லிமீட்டர் தள்ளித் துளையிட்டு அச்சில் கோத்துவிட்டால், அதன்மேல் நிற்கும் குச்சி ஒவ்வொரு சுற்றுக்கும் 10 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இத்தகைய தட்டைப் பொறியியலில் கேம் என்பார்கள். 8 பல் உள்ள சக்கரம் 16 பல் உள்ள சக்கரத்தைத் தள்ளினால், முதலாவது இரண்டு முறை சுற்றும்போது மற்றது ஒரு முறை சுற்றும். இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் பறவை சிறகடிக்கும், யானை தலையாட்டும், படகு அலையில் அசையும்.

இந்தக் கலைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1979-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ஃபால்மத் என்னும் கடற்கரை ஊரில் சூ ஜாக்சன் என்ற பெண்மணி 'கபரே' என்ற பெயரில் ஒரு கைவினைக் கடையைத் தொடங்கினார். பீட்டர் மார்க்கி, பால் ஸ்பூனர் முதலிய கலைஞர்கள் மரத்தில் செய்த, கைப்பிடி சுழற்றினால் அசையும் பொம்மைகள் அங்கே இடம்பெற்றன. 1980-களில் அந்தக் காட்சி இலண்டன் மாநகரின் கோவென்ட் கார்டனுக்குச் சென்றது. ஸ்பூனர், வெட்டி ஒட்டிச் செய்யக்கூடிய காகித விலங்குகளின் நூல் ஒன்றையும் வெளியிட்டார். மரமும் உளியும் இல்லாதவர்கள்கூடக் கத்தரிக்கோலைக் கொண்டு அந்த வித்தையைக் கற்க வழி பிறந்தது. இங்கிலாந்தில் ராப் ஐவ்ஸ், ஜெர்மனியில் வால்ட்டர் ரஃப்ளர், ஜப்பானில் கெய்சுகே சாகா ஆகியோர் அவ்வழியை மேலும் வளர்த்தனர். ஜப்பானியருக்கு இது புதிதன்று. தேநீர்க் கோப்பையை ஏந்தி விருந்தினரிடம் நடந்து செல்லும் 'கராகுரி' பொம்மைகளின் அமைப்பைப் படம் வரைந்து விளக்கும் நூல் அந்நாட்டில் 1796-லேயே வெளிவந்துவிட்டது.

நாங்களும் ஒன்று செய்ய முடிவு செய்தோம். என்ன செய்வது என்று யோசித்தபோது, எங்களில் ஒருத்தியின் பாட்டி, தம் இளமையில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாறிமாறி உலக்கை போட்டதைச் சொன்னார். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கவேண்டும், தாளம் தப்பினால் உலக்கைகள் மோதும். அதையே செய்வதென்று தீர்மானித்தோம்.

பொருள் தேட அலைய வேண்டியிருக்கவில்லை. வீடுகளில் சேர்ந்து கிடந்த பழைய திருமண அழைப்பிதழ்களே போதுமான கெட்டி அட்டையாயின. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை அடிக்கோல் ஓரமாக அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் அட்டை நேராக மடிகிறது. இல்லாவிட்டால் ஓரம் வெடித்துவிடுகிறது. மைதாப் பசையின் ஈரத்தில் அட்டை நெளிகிறது. கெட்டியான வெள்ளைப் பசையை ஊசிமுனை அளவு தொட்டுத் தடவினால் போதும். துணிக்கு இருப்பதுபோல் காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. இழையோட்டத்தின் வழியே மடித்தால் எளிதாக மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். இவற்றையெல்லாம் அட்டையைக் கெடுத்துக் கெடுத்தே கற்றோம்.

முதலில் காகிதத்தை உருட்டி வட்டமான அச்சு செய்து, இரண்டு கேம் தட்டுகளை எதிரெதிராக ஒட்டினோம். நாலைந்து சுற்று நன்றாக ஓடியது. பிறகு தட்டுகளில் ஒன்று அச்சில் வழுக்கியது. உலக்கைகள் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக விழுந்தன! பசையை அதிகமாக்கினோம், மறுநாள் மீண்டும் வழுக்கியது. ஒரு வாரம் கழித்துத்தான் அச்சை வட்டமாக்காமல் சதுரமாக மடிக்கலாம் என்பது தோன்றியது. தட்டிலும் சதுரத் துளை இட்டால் அது வழுக்க இடமேது? ஆனால் சதுர அச்சு பெட்டிச் சுவரின் வட்டத் துளையில் சுற்றவேண்டுமே! பக்கம் 1 சென்டிமீட்டர் உள்ள சதுரத்துக்கு மூலைக்கு மூலை எவ்வளவு? பிதாகரஸ் தேற்றத்தைத் தேர்வு அல்லாத ஒரு காரியத்துக்காக நாங்கள் போட்டுப் பார்த்தது அதுவே முதல் தடவை. 14 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டியது. துளையை 15 மில்லிமீட்டராக வெட்டினோம். விளிம்பில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்தோம். அச்சு இலேசாகச் சுழன்றது.

அடுத்து உலக்கையின் நடை சரியில்லை. வட்டத் தட்டின்மேல் அது ஏறிய வேகத்திலேயே இறங்கியது. உண்மை உலக்கை அப்படியா இறங்கும்? மெதுவாக ஏறி, சட்டென்று விழவேண்டும். அதற்கு நத்தை ஓட்டைப் போன்ற தட்டு தேவை. மையத்திலிருந்து 2 சென்டிமீட்டரில் தொடங்கி, ஒரு சுற்று முடிவதற்குள் 4 சென்டிமீட்டராக விரிந்து, அங்கே செங்குத்தாக வெட்டி மீண்டும் 2 சென்டிமீட்டருக்கு வரும் வடிவம் அது. வெட்டினோம், மாட்டினோம். உலக்கை ஏறியது, விழவில்லை! காகித உலக்கைக்கு விழுமளவு கனம் இல்லை. அதன் அடியில் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை மறைத்து ஒட்டிய பிறகே அது உரலில் 'டக்' என்று விழுந்தது. அந்த ஓசையைக் கேட்டு நாங்கள் போட்ட சத்தத்தில் அடுத்த வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கண்காட்சி நாளும் வந்தது. முற்பகல் முழுவதும் எங்கள் பெண்கள் இருவரும் அலுக்காமல் குத்தினார்கள். மதியம் ஒரு மாணவியின் தந்தையார் ஆவலுடன் கைப்பிடியைப் பிடித்து எதிர்த்திசையில் சுழற்றிவிட்டார். நத்தைத் தட்டு ஒரு திசையில்தான் ஓடும். குச்சி செங்குத்துப் பகுதியில் இடித்து, தட்டு கிழிந்து, பொறி நின்றுவிட்டது. அவர் மிகவும் வருந்தினார். உண்மையில் பிழை எங்களுடையதே. எந்தப் பக்கம் சுழற்றவேண்டும் என்று நாங்கள் ஓர் அம்புக்குறிகூடப் போடவில்லை. அங்கேயே அமர்ந்து, அச்சைக் கழற்றி, புதிய தட்டு வெட்டி மாட்டினோம். அதற்குள் சிறு பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "இது ஏன் நத்தை மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் மற்றொருத்தி. இம்முறை எங்களுக்குப் பதில் தெரிந்திருந்தது.

அன்று எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. உள்ளே விளக்கு எரியும் பெரிய தேவாலய மாதிரி ஒன்று பரிசு பெற்றது. அது எங்கே, யாரால் செய்யப்பட்டது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை.

இப்போது எங்கள் கருத்தைச் சொல்கிறோம். காகிதப் பொறி பொய் சொல்லாத பொருள். கட்டுரையில் தெரியாத இடத்தை அழகான சொற்களால் மூடலாம். ஓவியத்தில் தவறிய கோட்டின்மேல் வண்ணம் பூசலாம். பொறியிலோ அளவு தவறினால் சுழலாது, ஒட்டியது சரியில்லையென்றால் வழுக்கும். தவறு எங்கே என்பதையும் அதுவே காட்டிவிடும். நம்மைத் திட்டாது, மதிப்பெண்ணைக் குறைக்காது. நாம் சரியாகச் செய்யும்வரை நின்று காத்திருக்கும். அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆசிரியர் நமக்குத் தேவை என்பதே எங்கள் வாதம்.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் மரத்தாலும் இரும்பாலும் ஆன, சுமார் 15 அங்குல உயரமுள்ள ஒரு துறவி உருவம் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாவி கொடுத்தால் அது சதுரமாக நடக்கும். வலக்கையால் மார்பில் அறைந்துகொள்ளும். இடக்கையிலுள்ள சிலுவையையும் செபமாலையையும் உயர்த்தித் தாழ்த்தும். செபிப்பதுபோல் வாய் அசையும். ஸ்பெயின் அரசவைக் கடிகாரக் கலைஞர் ஹுவானெலோ துரியானோ இதைச் செய்தார் என்று கருதப்படுகிறது. 1562-இல் இளவரசர் டான் கார்லோஸ் படியில் விழுந்து தலையில் அடிபட்டு உயிருக்குப் போராடியபோது, அல்காலா நகரத் துறவி தியேகோவின் உடலை அவர் படுக்கையருகே கொண்டுவந்தார்கள். இளவரசர் பிழைத்தார். அந்த நன்றிக்காகத் தந்தையாகிய மன்னர் இரண்டாம் பிலிப்பு இந்த உருவத்தைச் செய்வித்தார் என்று மரபாகச் சொல்வதுண்டு. தியேகோ 1588-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இந்தத் துறவியைப் பற்றிப் படித்தபோது வியப்போடு ஒரு கூச்சமும் ஏற்பட்டது. செய்தவரின் திறமை பெரிதுதான். ஆனால் அந்த உருவம் மார்பில் எத்தனை முறை அறைந்துகொண்டாலும் மனம் வருந்தியதாக ஆகாது. அதன் பொறிகளெல்லாம் அங்கிக்குள் மறைந்திருக்கின்றன. எட்டாம் வகுப்பில் பரிசு மேடையேறி, கைகூப்பி, புன்னகைத்து நின்றபோது நாங்களும் அப்படித்தான் இருந்தோம். வெளியே எல்லா அசைவும் சரியாக இருந்தது. உள்ளே எங்களுடையது ஒன்றுமில்லை.

எங்கள் கருத்துக்குச் சில மறுப்புகள் வரலாம். "மின்னணு யுகத்தில் காகித விளையாட்டா?" என்று கேட்கலாம். மோட்டாருக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். ஒரு மாணவி தானே கம்பி இணைத்து, தானே விளக்கும் மோட்டார் மாதிரிக்கு முதற்பரிசு கொடுத்தால் முதலில் கைதட்டுவோம். ஆனால் கைப்பேசியைத் திறந்து பார்த்து எதையும் புரிந்துகொள்ள முடியாத இந்நாளில், திறந்த பெட்டிக்குள் காரணத்தையும் விளைவையும் கண்ணால் காணக் காகிதப் பொறியைவிட மலிவான சாதனம் எது?

"பெண்பிள்ளைகளுக்குப் பொறிவேலை எதற்கு?" என்று சில உறவினர்கள் இன்னும் கேட்கிறார்கள். அவர்களை வீட்டுத் தையல் இயந்திரத்தைச் சற்று உற்றுப் பார்க்கும்படி வேண்டுகிறோம். சக்கரம் வட்டமாகச் சுற்றுகிறது, ஊசி மேலும் கீழும் போகிறது. இது எங்கள் காகித உலக்கையின் சூட்சுமந்தானே? நம் அன்னையர் நூல் சிக்கினால் மூடியைத் திறந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி ஓட்டுகிறார்கள். பொறி நமக்கு அந்நியம் என்று யார் சொன்னது?

"படிக்கவே நேரமில்லை" என்பது மூன்றாவது மறுப்பு. இது உண்மையான மறுப்பு. அதனால்தான் எங்கள் பெற்றோரும் அன்று கடைக்குப் போனார்கள். பிள்ளை வெறுங்கையோடு நிற்கக்கூடாதே என்ற அன்பே அதற்குக் காரணம். அவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். எங்களுக்கு மாதிரி வேண்டும் என்று கேட்டவர்கள் நாங்களே.

ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். முதலாவது, வாரம் ஒரு முறை வரும் கைத்தொழில் பாடவேளையைத் தேர்வுக் காலத்தில் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்காதிருக்க வேண்டும். எங்கள் நினைவில் அந்தக் கடன் ஒருமுறையும் திரும்பி வந்ததில்லை. இரண்டாவது, கண்காட்சிக்கு வரும் பொருள்கள் பள்ளியிலேயே, அந்தப் பாடவேளையிலேயே செய்யப்பட வேண்டும். நடுவர்கள் பொருளை மட்டும் பார்க்காமல், ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, "உள்ளே எப்படி?" என்று கேட்கச் சொல்ல வேண்டும். அவளுக்குப் புரியும்படி பதில் சொல்பவளுக்கே பரிசு. மூன்றாவது, பெற்றோர்களே, எங்களுக்குப் பணம் தரவேண்டாம். பழைய அழைப்பிதழ்களைத் தாருங்கள். நாங்கள் வெட்டிக் கெடுப்பதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒட்டியது கோணலாக இருந்தால் நீங்கள் வாங்கிச் சரிசெய்துவிடாதீர்கள்.

1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நம் ஆண்டவரும் நாசரேத்தூர்த் தச்சுக்கூடத்தில் வளர்ந்தவர். கைவேலையைத் திருச்சபை எவ்வளவு உயர்வாக மதிக்கிறது என்பதை நம் அருட்சகோதரிகள் ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தைக் கண்காட்சி மேசையிலும் காணவேண்டும் என்பதே எங்கள் ஆசை.

எட்டாம் வகுப்பில் பெற்ற பரிசுச் சான்றிதழைச் சட்டத்திலிருந்து எடுத்து, இக்கட்டுரையுடன் தலைமையாசிரியைச் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டோம். எங்கள் உலக்கைப் பெண்கள் கைத்தொழில் அறை சன்னலோரத்தில் இருக்கிறார்கள். மழைக்கால ஈரத்தில் பெட்டி சற்றுச் சாய்ந்துவிட்டது, ஆனாலும் ஓடுகிறது. தங்கைகள் யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். அம்புக்குறி காட்டும் பக்கமாகச் சுழற்றுங்கள். கிழிந்துவிட்டால் அஞ்சவேண்டாம். நத்தைத் தட்டின் அளவுகளைப் பெட்டியின் அடியில் எழுதி வைத்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் நால்வர்